எஞ்சின் மாற்றிய பழைய காரில் தண்ணி ஹோஸ்: அறிகுறி பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

என்னிடம் இருப்பது மொறிஸ் மைனர், இங்கிலாந்துப் பழைய கார். அதன் 948 சிசி எஞ்சின் தேய்ந்து முடிந்ததால் 1171 சிசி ஜப்பான் டற்சன் ஏ12 எஞ்சினைப் பூட்டினோம். மவுண்டிங், கியர் பெட்டி, ஷாப்ற் என்று இரண்டு கிழமை போனது. ஹோஸுக்கு அரை மணித்தியாலம்கூடச் செலவழிக்கவில்லை. ரேடியேற்றரிலும் எஞ்சினிலும் நீட்டி நிற்கும் குழாய்க் கழுத்தில் ஏறுகிற ஹோஸ் இரண்டு கிடைத்தது, கிளிப் போட்டு இறுக்கினோம், தண்ணி ஊற்றினோம். அதற்குப் பிறகு வந்த கரைச்சல் அத்தனையும் அந்த அரை மணித்தியாலத்துக்குள்தான் இருந்தது.

கம்பனியில் இருந்து வந்த காரில் ஹோஸின் வளைவு, நீளம், விட்டம் எல்லாம் அந்த இடத்தை அளந்து வார்த்தவை. எஞ்சின் மாற்றிய காரிலோ ரேடியேற்றர் ஒரு நாட்டுக்காரன், எஞ்சின் இன்னொரு நாட்டுக்காரன். நடுவில் வரும் ஹோஸ் இரண்டுக்கும் சொந்தமில்லை. அதனால் கழுத்தில் ஏறினால் போதும் என்று எடுக்கக் கூடாது. மேல் ஹோஸா கீழ் ஹோஸா, எந்த வழியாய்ப் போகிறது, பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும். தவறாய் எடுத்திருந்தால் கார் அதைச் சொல்லிவிடும். அது எப்படிச் சொல்லும் என்பதைத்தான் கீழே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. சூடான ரேடியேற்றர் மூடியைத் திறக்க வேண்டாம். ஜப்பான் மூடியில் 0.9 என்று போட்டிருந்தால், அந்த அழுத்தத்தில் உள்ளே தண்ணி ஏறக்குறைய 119 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்ததும் அவ்வளவும் ஒரேயடியாகக் கொதித்து முகத்துக்குத்தான் வரும். மேல் ஹோஸைக் கையால் பிடித்து வைத்திருக்கக்கூடிய அளவுக்கு ஆறும்வரை பொறுத்திருங்கள்.

ஊருக்குள் சரி, ஏ9 வீதியில் சூடு ஏறுகிறது

எனக்கு முதலில் வந்தது இதுதான். கிளிநொச்சி ரவுணுக்குள் சூடு காட்டும் முள் அசையாது. முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு மாங்குளம் பக்கம் மிதித்தால், கொக்காவில் வருவதற்குள் முள் மேலே போய்விடும். நிறுத்தி பொனற்றைத் திறந்தால் ஒரு குறையும் தெரியாது. ரேடியேற்றர் அடைப்பு என்று நினைத்து அதைக் கழற்றிச் சுத்தம் செய்ததுகூட வீண்.

கடைசியில் ஒரு பாஸிடம் (அனுபவமுள்ள மெக்கானிக்) கொண்டுபோனேன். அவர் கேட்ட முதல் கேள்வியே இதுதான்: "தம்பி, நிக்கேக்க பாத்தனீர் சரி. எஞ்சின் இரையேக்க கீழ் ஹோஸைப் பாத்தனீரோ?" எஞ்சினைச் சூடாக்கி, என்னை உள்ளே இருத்தி மிதிக்கச் சொன்னார். பிறகு இடத்தை மாற்றி என்னைப் பார்க்க வைத்தார். மிதிக்க மிதிக்கக் கீழ் ஹோஸ் நடுவில் ஒட்டி, வெறும் பனங்கூழ்ப் பை மாதிரிச் சப்பையாகிப் போனது. காலை எடுத்ததும் பழையபடி உருண்டை. நிறுத்திப் பார்க்கும் எவருக்கும் அது தெரியவே தெரியாது.

காரணம் இது. மேல் ஹோஸில் எஞ்சின் தண்ணியைத் தள்ளுகிறது. கீழ் ஹோஸில் வோட்டர் பம்ப் உறிஞ்சுகிறது. சுற்று கூடக் கூட உறிஞ்சலும் கூடும். மெல்லிய ஹோஸ் உள்ளே இழுபட்டு ஒட்டிக்கொள்ளும். 1948இல் வந்த முதல் மைனரின் சைட்வால்வ் எஞ்சினுக்கு வோட்டர் பம்ப்பே இல்லை. சூடான தண்ணி தானாக மேலே போய், ஆறியது கீழே இறங்கும். அந்த வண்டிக்கு எந்த மெல்லிய ஹோஸும் பிழையில்லை. உறிஞ்சும் பம்ப் உள்ள எஞ்சினுக்கு அது சரிவராது.

செய்ய வேண்டியது: கீழ் ஹோஸுக்குத் துணி நெய்த தடித்த சுவர் உள்ளதை எடுங்கள். விரலால் அமர்த்தினால் எளிதில் பள்ளம் விழக் கூடாது. வளைவு நீளமானது என்றால் உள்ளே துருப்பிடிக்காத சுருள் கம்பி போட வேண்டும். அது சுவரோடு ஒட்டி இருக்க வேண்டும், பம்ப்பின் வாய்க்குள் போகக் கூடாது. பழைய ஹோஸில் இருந்த துருப்பிடித்த சுருளை எடுத்துப் போடாதீர்கள். அது உடைந்தால் துண்டு நேரே பம்ப்புக்குத்தான் போகும்.

இன்னொன்று, எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருந்தால் ஹோஸ் அவ்வளவு எளிதில் சப்பையாகாது. உள்ளழுத்தம் அதைத் தாங்கும். என்னுடைய மூடியின் றப்பர் காய்ந்து வெடித்திருந்தது. அதனால் புது ஹோஸ் வாங்கும்போது மூடியையும் பாருங்கள். பழைய மைனர் மூடி சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு, ஜப்பான் எஞ்சினோடு வருவது (அந்த 0.9தான்) ஏறக்குறைய 13 பவுண்டு. 13ஐத் தூக்கிப் பழைய பித்தளை ரேடியேற்றரில் போட்டால் ஈயம் ஒட்டிய தையல் விட்டுவிடலாம். ரேடியேற்றர் செய்பவரிடம் அழுத்தம் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். தாங்கினால் போடலாம். தாங்காவிட்டால் 7 பவுண்டோடு ஓடுங்கள். அதில் ஏறக்குறைய 111 பாகையில் கொதிக்கும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு முள்ளைப் பாருங்கள்.

காலையில் பார்த்தால் ஹோஸ் சப்பையாய்க் கிடக்கிறது

ஓடும்போது சரி, ஆறிய பிறகுதான் சப்பை என்றால் ஹோஸ் குற்றவாளி இல்லை. ஆறும்போது தண்ணி சுருங்கும். அந்த வெற்றிடத்தை நிரப்ப மூடியின் நடுவில் உள்ள சின்ன வால்வ் திறந்து, ரேடியேற்றரில் இருந்து வழியும் தண்ணியைப் பிடிக்கும் போத்தலில் இருந்து தண்ணியை எடுக்க வேண்டும். வால்வ் ஒட்டியிருக்கும், அல்லது போத்தலுக்குப் போகும் சின்னக் குழாய் மடிந்திருக்கும். பழைய காரில் போத்தலே இல்லாமல் குழாயை நிலத்துக்கு விட்டிருப்பார்கள். அது மண்ணில் அடைபட்டிருக்கலாம். மூடியை மாற்றுங்கள், குழாயை ஊதிப் பாருங்கள். புது ஹோஸ் வாங்கக் காசு செலவழிக்க வேண்டாம்.

இணைப்பில் ஒழுகுகிறது அல்லது ஹோஸ் கழன்று விழுகிறது

பெரும்பாலும் விட்டம் பொருந்தவில்லை. இங்கிலாந்து ரேடியேற்றரின் கழுத்து அங்குலக் கணக்கு, ஜப்பான் எஞ்சினுடையது மில்லிமீற்றர் கணக்கு. ஒன்றரை அங்குலம் என்பது 38.1 மில்லிமீற்றர், 38 மில்லிமீற்றர் ஹோஸ் அதில் நன்றாய் ஏறும். ஆனால் ஒரு பக்கம் 38, மறுபக்கம் 32 என்றால் சின்னப் பக்கத்தில் கிளிப்பை எவ்வளவு இறுக்கினாலும் ஹோஸ் மடிப்பு விழுந்து, அந்த மடிப்பின் வழியாக ஒழுகும். மடிப்புக்குள் காஸ்கற் பசை பூசுவதைக் கண்டிருக்கிறேன். ஒரு மாதம் பிடிக்கும், பிறகு பசைத் துண்டுகள் ரேடியேற்றருக்குள் போய் அடைக்கும்.

அளப்பதற்கு வேர்னியர் வேண்டும் என்றில்லை. கடதாசித் துண்டு ஒன்றைக் கழுத்தைச் சுற்றி வைத்து, முனை சேரும் இடத்தில் பேனாவால் கோடு போட்டு, விரித்து அளந்து 3.14ஆல் பிரியுங்கள். என் ரேடியேற்றரில் 119 மில்லிமீற்றர் வந்தது: 38. எஞ்சின் பக்கத்தில் 100 சொச்சம்: 32. ஹோஸின் உள்விட்டமும் கழுத்தின் வெளிவிட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு முனையும் வேறு என்றால், ஒரு முனை பெரிதும் ஒரு முனை சிறிதுமாய் வார்த்த ஹோஸ் தேடுங்கள். கிடைக்காவிட்டால் லேத்தில் படி வைத்த உலோகக் குழாய்த் துண்டு கடையச் சொல்லி, இரண்டு அளவு ஹோஸை அதில் இணையுங்கள்.

எந்தக் கழுத்தானாலும் நுனியில் மேடாக ஒரு வளையம் இருக்க வேண்டும். லேத் வேலையில் அதைத்தான் மறந்துவிடுவார்கள். வழுவழுப்பான குழாயில் ஏறிய ஹோஸ் என்றாவது ஒருநாள் அழுத்தத்தில் கழன்று பறக்கும். கிளிப் அந்த மேட்டின் மேல் வரக் கூடாது. மேட்டைத் தாண்டிய பள்ளத்தில், ஹோஸ் விளிம்பில் இருந்து நாலைந்து மில்லிமீற்றர் உள்ளே இருக்க வேண்டும். ஹோஸ் கழுத்தின் மேல் 30 மில்லிமீற்றராவது ஏறியிருக்கட்டும். ஏற்றும்போது கிறீஸ், எஞ்சின் ஒயில் பூசாதீர்கள். சவர்க்காரத் தண்ணி போதும்.

காலைக் குளிரில் மட்டும் சொட்டு விழுந்து, எஞ்சின் சூடானதும் நின்றுவிடுகிறதா? புது றப்பர் முதல் சூட்டில் கொஞ்சம் அமரும், கிளிப் தளரும். இரண்டு மூன்று ஓட்டத்துக்குப் பிறகு, ஆறிய நிலையில் ஒரு சுற்று இறுக்குங்கள். ஸ்குறூட்றைவர் பிய்யும்வரை இறுக்கினால் கிளிப்பின் ஓட்டைகள் ஹோஸை அறுக்கும். சிலிக்கன் ஹோஸ் போட்டவர்கள் இதில் இன்னும் கவனமாய் இருக்க வேண்டும். உள்ளே மூடிய பட்டி உள்ள கிளிப்தான் அதற்குப் பொருத்தம்.

ஹோஸ் மடிகிறது, உரசுகிறது

நேரான ஹோஸை வளைத்துப் பூட்டினால் உள் வளைவில் மடிப்பு விழும். அந்த மடிப்பில் வழி பாதியாகும், சில மாதத்தில் வெடிக்கும். இதற்கு நெளிநெளியான ஹோஸ்தான் மருந்து என்று கடையில் தருவார்கள். எப்படியும் வளையும் என்பது உண்மைதான். ஆனால் நெளிவுகள் தண்ணியைத் தடுக்கும், அதன் பள்ளங்களில்தான் முதலில் வெடிக்கும். வழியில் நின்றுபோன வண்டியை வீட்டுக்குக் கொண்டுவர அதைப் போடலாம், நிரந்தரமாய் வேண்டாம்.

சரியான வழி கம்பி. கட்டுக்கம்பியை இரட்டையாக முறுக்கி எடுங்கள். ரேடியேற்றர் கழுத்தின் நடுவில் தொடங்கி எஞ்சின் கழுத்தின் நடுவில் முடியும்படி, ஹோஸ் போக வேண்டிய வழியில் அதை வளைத்து வையுங்கள். காற்றாடியின் இதழுக்கு 25 மில்லிமீற்றராவது விலகல் விடுங்கள். எக்ஸோஸ்ற் மனிபோல்டுக்கு அதைவிடக் கூடுதலாக. எஞ்சின் றப்பர் மவுண்டிங்கில் நிற்கிறது, ரேடியேற்றர் பொடியோடு நிற்கிறது. கியர் போட்டு மிதிக்கும்போது எஞ்சின் ஒரு பக்கம் சரியும். யாரையாவது பிரேக்கை அமர்த்திக்கொண்டு கிளச்சை மெல்ல விடச் சொல்லி, பக்கத்தில் நின்று அந்தச் சரிவைப் பாருங்கள், காருக்கு முன்னால் நிற்காமல். சாரம் கட்டியிருந்தால் மடித்துக் கட்டுங்கள், காற்றாடிக்குக் கிட்டப் போக வேண்டாம்.

வளைத்த கம்பியைக் கடைக்குக் கொண்டுபோங்கள். "மைனருக்கு ஹோஸ் இருக்கோ?" என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். "இந்த வளைவு வாற ஹோஸ் ஏதாவது எடுங்கோ அண்ணை, எந்த வாகனத்தின்ரை எண்டாலும் பறவாயில்லை" என்று கேளுங்கள். வவுனியாவில் ஒரு கடையில் சுவரில் தொங்கிய ஹோஸ்களின் பக்கத்தில் கம்பியை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்து, நாற்பது நிமிடத்துக்குப் பிறகு ஒரு வான் ஹோஸின் நடுப்பகுதியில் என் வளைவைக் கண்டுபிடித்தேன். இரண்டு முனையையும் வெட்டினேன், இன்றுவரை அதுதான் ஓடுகிறது. வெட்டும்போது கூரான கத்தி, நேரான வெட்டு. வாள் போட்டால் நூல் பிரிந்து அதன் வழியே தண்ணி ஊறும்.

ஹோஸ் ஊதி, மெத்தென்று, கையில் ஒட்டுகிறது

எண்ணெய் பட்டிருக்கிறது. தண்ணி ஹோஸ்களில் நல்லவை ஈபிடிஎம் என்ற றப்பரில் செய்தவை. சூட்டையும் கூலன்றையும் (ரேடியேற்றர் தண்ணியோடு கலக்கும் திரவம்) அது நன்றாய்த் தாங்கும். ஒயில், டீசல், மண்ணெண்ணெய் பட்டால் ஊதி இளகும். டீசல் எஞ்சின் பூட்டிய மொறிஸ் ஒக்ஸ்போட் ஒன்றில், ஒவ்வொரு ஆறு மாதமும் மேல் ஹோஸ் இளகிக்கொண்டே இருந்தது. மூன்றாவது ஹோஸுக்குப் பிறகுதான், இன்ஜெக்டரின் திரும்பு குழாயில் இருந்து ஒரு சொட்டு டீசல் சரியாக அந்த ஹோஸின் மேல் விழுவதைக் கண்டார்கள். முதலில் ஒழுக்கை நிறுத்த வேண்டும், பிறகுதான் ஹோஸ்.

எங்கள் பக்கத்தில் எஞ்சினை மண்ணெண்ணெய் அடித்துக் கழுவுகிற பழக்கம் உண்டு. கழுவினால் ஹோஸ்களைச் சவர்க்காரத் தண்ணியால் உடனே துடைத்துவிடுங்கள். இதன் மறுபக்கமும் உண்டு: பெற்றோல் குழாயை ஹீற்றருக்கோ பைபாஸுக்கோ (ரேடியேற்றருக்குப் போகாமல் தண்ணி எஞ்சினுக்கே திரும்பும் வழி) போடக் கூடாது, தண்ணி ஹோஸைப் பெற்றோலுக்குப் போடவே கூடாது. இரண்டாவதில் தீப்பிடிக்கும்.

வயலுக்கு இறைக்கும் பம்ப்பின் உறிஞ்சு குழாயைக் காருக்கு வெட்டிப் போட்டதையும் பார்த்திருக்கிறேன். சுருள் வைத்திருப்பதால் சப்பையாகாது என்று நம்பிப் போட்டார்கள். அது பிளாஸ்ரிக். எஞ்சின் தண்ணி 80, 90 பாகையில் ஓடும். அந்தச் சூட்டில் அது வெந்த பயற்றங்காய் மாதிரித் தொங்கும்.

வெளியே புதுசு, உள்ளே வெடிப்பு

ஹோஸ் பார்க்க நன்றாய் இருக்கும், திடீரென்று கிளிப்புக்குப் பக்கத்தில் நீளவாக்கில் கிழியும். எஞ்சின் மாற்றிய கார்களில் இது அடிக்கடி வருவதற்கு ஒரு காரணம் உண்டு. கூலன்ற், இரண்டு வகை உலோகம், நடுவில் ஹோஸ்: இது ஒரு சின்னப் பற்றறி. அந்த மின்னோட்டம் றப்பரின் உட்சுவரில் நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கும், அதன் வழியாகத் தண்ணி போய் நூலை உக்கவைக்கும். பெரும்பாலும் முனைகளில் இருந்து ஐந்து சென்ரிமீற்றருக்குள்தான். எஞ்சின் ஆறியிருக்கும்போது, முனைப் பக்கத்தைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் நசுக்குங்கள், பிறகு நடுவை நசுக்குங்கள். முனை நடுவைவிட மெத்தென்று இருந்தாலோ, உள்ளே நறநறவென்று உணர்ந்தாலோ ஹோஸ் முடிந்துவிட்டது.

மைனர் பொசிற்றிவ் எர்த் கார், அதாவது பற்றறியின் பொசிற்றிவ் முனை பொடியோடு இணைந்தது. அல்ரனேற்றர் உள்ள ஜப்பான் எஞ்சின் நெகற்றிவ் எர்த். மாற்றும்போது எஞ்சினுக்கும் பொடிக்கும் நடுவில் உள்ள எர்த் பட்டியை விட்டுவிடுவது சாதாரணமாய் நடக்கும். அப்போது கரண்ட் கிடைத்த வழியால் போகும். கூலன்றும் ஒரு வழிதான். எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து, மல்ரிமீற்றரின் கறுப்புக் கம்பியைப் பற்றறியின் நெகற்றிவிலும், சிவப்பை உலோகத்தில் முட்டாமல் கூலன்றிலும் வையுங்கள். 0.3 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் சரியில்லை. ஸ்ரார்ட் பண்ணும்போதோ லைற் போடும்போதோ துள்ளினால் எர்த் பட்டி. எல்லாம் நிறுத்தியிருக்கும்போதே காட்டினால் கூலன்ற் பழசாகிவிட்டது.

கிணற்றுத் தண்ணி வேண்டாம். வன்னித் தண்ணி கேத்திலில் என்ன படிய வைக்கிறதோ அதையே எஞ்சினுக்குள்ளும் படிய வைக்கும். முல்லைத்தீவுக் கரையோரத்து உவர்த் தண்ணி அலுமினியத்தைத் தின்னும். பற்றறிக்கு ஊற்றும் தண்ணியோடு கூலன்றைப் பாதிக்குப் பாதி கலவுங்கள். கலந்தே விற்கும் கூலன்ற் என்றால் அப்படியே ஊற்றுங்கள். அது இனிப்பாய் இருக்கும், நஞ்சு. வடித்ததைத் திறந்த பாத்திரத்தில் விட்டால் நாயும் ஆடும் குடித்துச் செத்துவிடும்.

முள் ஏறி இறங்கி விளையாடுகிறது

காற்று அடைபட்டிருக்கிறது. மேல் ஹோஸ் எஞ்சினில் இருந்து ரேடியேற்றர் வரை ஏற்றமாகவே போக வேண்டும். நடுவில் முதுகு வளைந்து உயர்ந்து பிறகு இறங்கினால், அந்த முதுகில் காற்று குந்திக்கொள்ளும். கம்பி வளைக்கும்போதே இதைப் பாருங்கள். காற்றை எடுக்கக் காரின் மூக்கு உயரத்தில் இருக்க வேண்டும். எங்கள் தரையில் மேடு தேடுவது கஷ்டம். குளக்கட்டுக்கு ஏறும் சாய்வில் நிறுத்தி, எஞ்சின் ஆறியிருக்கும்போதே மூடியைத் திறந்துவிட்டு ஸ்ரார்ட் பண்ணி, ஐட்லிங்கில் விட்டு, தேர்மோஸ்ரற் (தண்ணி சூடானதும் ரேடியேற்றருக்கு வழி விடும் வால்வ்) திறக்கும்வரை நிரப்புங்கள். தேர்மோஸ்ரற்றில் ஆடும் சின்ன ஆணி இருந்தால் அது மேல்பக்கம் வரப் பூட்டுங்கள்.

சூட்டு நாட்டுக்குத் தேர்மோஸ்ரற் வேண்டாம் என்று கழற்றி எறிவார்கள். சில எஞ்சின்களில் பைபாஸ் வழியை மூடுவதே தேர்மோஸ்ரற்றின் கீழ்த்தட்டுத்தான். அதை எடுத்தால் தண்ணி ரேடியேற்றருக்குப் போகாமல் பைபாஸ் வழியே சுற்றி, முன்பைவிடச் சூடாகும். பைபாஸ் ஹோஸை ஆணி அடித்து அடைப்பதும் பிழை.

ஸ்ரார்ட் பண்ணியதுமே மேல் ஹோஸ் கல்லாகிறது

தண்ணி இன்னும் குளிராய் இருக்கும்போதே ஹோஸ் இறுகினால், சிலிண்டரில் இருந்து வாயு வருகிறது. ஹெட் காஸ்கற் அல்லது ஹெட்டில் வெடிப்பு. ஹோஸ் மாற்றிப் பயனில்லை, ஓடவும் வேண்டாம்.

வழியில் வெடித்தால்

போர்க்காலத்தில் வன்னிக்குள் பெற்றோலும் பற்றறியும் உதிரிப்பாகமும் தடை. மண்ணெண்ணெயில் கார் ஓடியது, சைக்கிள் ரியூப்பில் ஹோஸ் நின்றது. அந்த வித்தை இன்றைக்கும் உதவும். ஹோஸை ஈரமில்லாமல் துடைத்து, ரியூப்பை இரண்டு விரல் அகலத்துக்கு நீளமாய் வெட்டி, வெடிப்புக்கு ஒரு சாண் தள்ளித் தொடங்கி, இழுத்து இழுத்துப் பாதிக்கு மேல் பாதி வரும்படி சுற்றிக் கட்டுக்கம்பியால் முடியுங்கள். மூடியை முதல் படியில் மட்டும் வைத்து அழுத்தம் ஏறாமல் விடுங்கள். 40க்கு மேல் போகாமல், முள்ளைப் பார்த்துப் பார்த்து வீடு சேருங்கள். அன்றைக்கு வேறு வழியில்லாமல் அதோடு மாதக்கணக்கில் ஓடினார்கள். இன்றைக்குக் கடை திறந்திருக்கிறது, அடுத்த நாளே மாற்றிவிடுங்கள்.

நான் நாலு வருசத்துக்கு ஒருமுறை எல்லா ஹோஸையும் மாற்றுகிறேன். வளைத்த அந்தக் கம்பி இரண்டையும், மேல், கீழ் என்று பிளாஸ்ரர் ஒட்டி எழுதி, டிக்கிக்குள் ஸ்பெயார் சில்லுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.